உரோமத் தோல் விலங்குகளுக்குப் பொறி வைத்தல்: முதல் பருவத்தில் இறங்குவோர் கேட்கும் கேள்விகள்

பொறி வைப்பது எங்கே சட்டப்படி செல்லும்? முதலில் என்ன வாங்க வேண்டும்?

முதலில் வாங்க வேண்டியது பொறியல்ல, உரிமம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கண்ணி, பொறி வைப்பதும் வேட்டைதான், அது குற்றம். இலங்கையிலும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆகவே இந்தப் பக்கத்தில் வரும் எதையும் அங்கே செய்து பார்க்க வேண்டாம். உரோமத் தோலுக்காகப் பொறி வைப்பது கனடாவிலும் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் பருவம், உரிமம், விதிமுறை என்ற வரம்புக்குள் நடக்கும் தொழில். இங்கே சொல்வதெல்லாம் அந்த நிலத்துக்கும் அங்குள்ள விலங்குகளுக்கும்தான்.

அங்கேயும் இடத்துக்கு இடம் சட்டம் மாறும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பயிற்சி வகுப்பை முடித்துத் தேர்வு எழுதினால்தான் உரிமம். அமெரிக்காவிலும் பல மாநிலங்கள் பயிற்சிச் சான்றிதழ் கேட்கின்றன. கலிபோர்னியா 2019இல் உரோமத்துக்காகப் பொறி வைப்பதையே தடை செய்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கால்பிடிப் பொறிக்கு 1995 முதல் தடை. உங்கள் மாநிலம் அல்லது மாகாணத்தின் வனவிலங்குத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் விதிப் புத்தகத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள். பருவம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, எந்த அளவுப் பொறி செல்லும், ஒவ்வொரு பொறியிலும் பெயர் அல்லது அடையாள எண் பொறித்த தகடு கட்ட வேண்டுமா, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பையிலேயே வைத்திருங்கள்.

நில உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதும் என்று சட்டம் சொல்லும் இடத்திலும் எழுதி வாங்குவதே நல்லது. எங்கே மாடு மேய்கிறது, யாருடைய நாய் அந்தப் பக்கம் வரும் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

எந்த விலங்கில் தொடங்குவது?

மஸ்க்ராட்டிலும் ரக்கூனிலும். வேறு யோசனையே வேண்டாம்.

மஸ்க்ராட் நீரோரத்தில் வாழும் கொறிவிலங்கு. அது போய்வரும் வழி கண்ணுக்குத் தெரியும், மனித வாடையைப் பொருட்படுத்தாது, அதற்கு வைக்கும் பொறி சிறியது. ஒரே குளத்தில் பத்து நாளில் கற்றுக்கொள்வதை நரியிடம் கற்க ஒரு பருவம் ஆகும். ரக்கூன் கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை உள்ள, பூனையைவிடச் சற்றுப் பெரிய விலங்கு, அதற்கு ஆசை அதிகம். இனிப்பு வாடை வந்தால் கையை விட்டுத் துழாவும். இவை இரண்டையும் முடித்துவிட்டு மிங்க் (கீரி போன்ற நீரோர விலங்கு), செந்நரி என்று போங்கள். கொயோட்டியையும் (ஓநாயைவிடச் சிறிய காட்டு நாய்வகை) பீவரையும் இரண்டாம் பருவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பீவர் நீரில் அணை கட்டும் பெரிய கொறிவிலங்கு, அதற்கான பொறியும் பெரியது. கை தவறினால் எலும்பு முறியும்.

எத்தனை பொறி, எந்த எண்?

முதல் பருவத்துக்குப் பன்னிரண்டு போதும். ஐம்பது பொறியை ஒரே நாளில் வைத்துவிட்டு, மறுநாள் எல்லாவற்றையும் பார்க்க முடியாமல் திணறுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. பார்க்க முடியாத பொறியை வைக்கவே கூடாது.

பொறிகளில் நான்கு வகை உங்களுக்கு வேண்டியவை. எண் என்பது பொறியின் அளவைக் குறிக்கும். முதலாவது கால்பிடிப் பொறி: இரண்டு தாடை, நடுவில் மிதிதட்டு, பக்கத்தில் வில். விலங்கு மிதித்ததும் தாடைகள் மூடிப் பாதத்தைப் பிடித்து நிறுத்தும். ரக்கூனுக்கும் செந்நரிக்கும் ஒன்றரை எண் சுருள்வில் பொறி. தாடை விரிந்தால் சுமார் 5 அங்குலம் இருக்கும். கொயோட்டிக்கு இரண்டு அல்லது மூன்றாம் எண்.

இரண்டாவது உடல்பிடிப் பொறி. கனடாவைச் சேர்ந்த ஃபிராங்க் கோனிபேர் வடிவமைத்து 1950களில் சந்தைக்கு வந்தது. அதனால் இன்றும் பலர் கோனிபேர் என்றே சொல்கிறார்கள். இரண்டு சதுரச் சட்டங்கள் கத்தரிபோல மூடி, கழுத்தையோ மார்பையோ இறுக்கி விரைவில் கொன்றுவிடும். எண் 110 மஸ்க்ராட்டுக்கும் மிங்குக்கும், 7 அங்குல அகலமுள்ள 220 ரக்கூனுக்கு, 10 அங்குல 330 பீவருக்கும் நீர்நாய்க்கும். 220ஐ நிலத்தில் வைப்பதற்குப் பல மாநிலங்களில் கடும் கட்டுப்பாடு உண்டு, ஏனென்றால் நாயின் தலையும் அதற்குள் சரியாகப் பொருந்தும். புதியவர்கள் நிலத்தில் 220 வைக்கவே வேண்டாம்.

மூன்றாவது ரக்கூனுக்கான குழாய்ப் பொறி: குழாய்க்குள் கையை விட்டு விசையை இழுத்ததும் கையைப் பிடித்துக்கொள்ளும். நான்காவது கூண்டு, வீடுகளுக்கு அருகில் வைக்க அதுவே பாதுகாப்பு.

மஸ்க்ராட், ரக்கூன் என்று தொடங்குபவருக்கு எண் 110 ஆறு, குழாய்ப் பொறி ஆறு. கால்பிடிப் பொறி இரண்டு வாங்கி வீட்டு முற்றத்தில் வைத்துப் பழகுங்கள். வாங்கும்போது சங்கிலியைக் கவனியுங்கள்: அது பொறியின் அடிப்பகுதியின் நடுவில் இணைந்திருக்க வேண்டும், குறைந்தது இரண்டு இடத்தில் சுழலி இருக்க வேண்டும். விலங்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் பொறியும் கூடத் திரும்பினால்தான் கால் முறுகாது. கிட்ட வைத்துப் பார்த்தால் தாடை விளிம்பும் தெரியும்: மெல்லிய விளிம்பு தோலை வெட்டும், அகலமான விளிம்பு பிடிக்க மட்டும் செய்யும். சில ரூபாயோ டாலரோ மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

புதுப் பொறியை அப்படியே வைக்கலாமா?

கூடாது. தொழிற்சாலை எண்ணெய் பூசித்தான் அனுப்புவார்கள். அந்த வாடையை நரி பத்தடி தூரத்திலேயே பிடித்துவிடும். எண்ணெய் மேல் சாயமும் ஏறாது.

சோப்புத் தூள் போட்ட வெந்நீரில் அரை மணி நேரம் கொதிக்க வையுங்கள். அலசி, வெளியில் தொங்கவிட்டு, மேலே மெல்லிய செந்துரு பூக்கும்வரை விடுங்கள். பொரிப்பொரியாக உதிரும் துரு வேண்டாம்; தடவினால் விரலில் பழுப்பு ஒட்டினால் போதும். பிறகு லாக்வுட் மரச் சாயத் தூள் கலந்த கொதிநீரில் ஒரு மணி நேரம். கருநீலமாக வெளியே வரும். சாயம் வாடையை மறைப்பதற்கல்ல, இரும்பு மேலும் துருப்பிடிக்காமல் காப்பதற்கு.

நிலத்தில் வைக்கும் கால்பிடிப் பொறிகளுக்கு இறுதியில் மெழுகுக் குளியல். உருகிய பாரஃபின் மெழுகில், இரும்பு மெழுகின் சூட்டுக்கு வரும்வரை பொறியை மூழ்க வைத்து மெல்ல எடுத்தால் மெல்லிய படலம் நிற்கும். குளிர்ந்த இரும்பில் மெழுகு தடித்து ஒட்டிப் பிறகு உதிரும். இதில் இரண்டு எச்சரிக்கை. ஈரமான பொறியை உருகிய மெழுகில் விட்டால் கொதித்துப் பொங்கி அடுப்பில் வழியும், தீப்பிடிக்கும். வெளியில், மூடியைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு மட்டும் செய்யுங்கள். தீப்பிடித்தால் மூடியால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது. இரண்டாவது: உடல்பிடிப் பொறிக்கு மெழுகு வேண்டாம். பொறியை விரித்த நிலையில் பிடித்திருக்கும் கொக்கி வழுக்கி, உங்கள் கையில் இருக்கும்போதே மூடிக்கொள்ளும்.

இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இரை, விலங்கை இழுக்கும் வாடைத் தைலம், பொறியின் விலை இவற்றைப் பற்றியே புதியவர்கள் அதிகம் கேட்கிறார்கள். உண்மையில் முக்கால் பங்கு வேலை இடத்தில்தான். விலங்கு ஏற்கெனவே நடக்கும் இடத்தில் சுமாராக வைத்த பொறி பிடிக்கும். நடக்காத இடத்தில் எவ்வளவு அழகாக வைத்தாலும் அது வெறும் இரும்பு.

பருவம் தொடங்க இரண்டு வாரம் முன்பே நடந்து பாருங்கள். சேற்றிலும் மணலிலும் தடம் தேடுங்கள். ரக்கூனின் முன்பாதம் சிறு குழந்தையின் கையை அழுத்தி எடுத்ததுபோல் ஐந்து விரல் விரிந்து இருக்கும். மஸ்க்ராட்டின் பாதத்தடங்களுக்கு நடுவே வால் இழுத்த கோடு போகும். செந்நரி ஒரே நேர்கோட்டில், நூல் பிடித்ததுபோல் நடக்கும். கொயோட்டியின் தடம் நரியினுடையதைவிடப் பெரியது, நடுத்தர நாயின் அளவு. ஆனால் நாய் அங்குமிங்கும் அலைந்து நடக்கும், கொயோட்டி நேராகப் போகும்.

இரண்டு வகை நிலம் சேரும் விளிம்பில் நில்லுங்கள்: காடும் வயலும் சேரும் ஓரம், வேலி முடியும் மூலை, ஓடை குளத்தில் விழும் வாய், பாலத்தடி, விழுந்த மரம் ஓடையைக் கடக்கும் இடம். விலங்கும் மனிதனைப் போலத்தான், சுலபமான வழியில் நடக்கும். வழி எங்கே குறுகுகிறதோ அங்கே உங்கள் பொறி.

மஸ்க்ராட்டுக்கு எப்படி வைப்பது?

குளக்கரையை ஒட்டி மெல்ல நடங்கள். நீருக்கடியில் கரையை நோக்கிப் போகும் வாய்க்கால் போன்ற பள்ளம் தெரியும். அடிச்சேறு மழுங்கி, மற்ற இடத்தைவிட நிறம் மாறி இருக்கும். நீர் கலங்கியிருந்தால் அதுவே நல்ல அடையாளம், உள்ளே ஆள் இருக்கிறது. அந்தப் பள்ளம் கரைக்குள் நுழையும் துளைதான் வளையின் வாசல்.

எண் 110ஐ விரித்து, அந்த வாசலுக்கு ஓரடி முன்னால் பள்ளத்தில் நிறுத்துங்கள். சட்டத்தின் அடிப்பகுதி தரையைத் தொட வேண்டும். வில்லின் வளையங்களின் வழியே ஒரு குச்சியைச் செருகிச் சேற்றில் ஊன்றினால் பொறி ஆடாமல் நிற்கும். பள்ளம் பொறியைவிட அகலமாக இருந்தால் இரு பக்கமும் குச்சிகளை நட்டு வழியைக் குறுக்குங்கள். இரை வேண்டாம். பொறியைத் தட்டிவிடும் விசைக்கம்பிகளைச் சிறிது விரித்துவிட்டால் நீந்தி வருவது எப்படியும் தொடும். சங்கிலியைக் கம்பியால் கரையில் உள்ள மரத்திலோ முளையிலோ கட்டுங்கள்.

சிறு கால்பிடிப் பொறியால் மஸ்க்ராட் பிடிக்கலாமா என்று கேட்பார்கள். ஆழமில்லாத நீரில் வேண்டாம். மஸ்க்ராட்டின் கால் எலும்பு மெல்லியது. நிலத்திலோ ஆழமற்ற நீரிலோ முறுக்கி முறுக்கி விடுவித்துக்கொண்டு போய்விடும், ஊனத்தோடு. உடல்பிடிப் பொறி அந்த வேதனை இல்லாமல் வேலையை முடிக்கும்.

மழை பெய்து நீர்மட்டம் ஏறினால் பொறிக்கு மேலே நீந்திப் போகும். இறங்கினால் பொறி வெளியே தெரியும். ஒரு குச்சியில் நீர்மட்டத்தைக் கத்தியால் கீறி வைத்தால் மறுநாள் ஒரே பார்வையில் புரிந்துவிடும்.

ரக்கூன் குழாய்ப் பொறியில் ஏதாவது நுணுக்கம் உண்டா?

கொஞ்சம்தான். குழாயின் வாய் ஒன்றேகால், ஒன்றரை அங்குலம்; அதற்குள் கையை விட்டு விசையை இழுக்கும் பழக்கம் ரக்கூனுக்கு உண்டு, நாய்க்கு இல்லை. இழுத்தால் மட்டும் மூடும் வகையை வாங்குங்கள். தள்ளினாலும் இழுத்தாலும் மூடும் வகையில் மூக்கை நுழைக்கும் மற்ற விலங்குகளும் சிக்கலாம்.

விசைக்குக் கீழே இரையைப் போட்டு, வாயின் மேல் இரண்டு மூன்று துண்டு தூவுங்கள். மார்ஷ்மல்லோ நன்றாக வேலை செய்யும், வெள்ளையாக இருப்பதால் இரவில் கண்ணிலும் படும். மீன் எண்ணெயும் பூனைத் தீனியும் ரக்கூனை இழுக்கும்தான். ஆனால் பக்கத்து வீட்டுப் பூனையையும் இழுக்கும். வீடுகள் இருக்கும் பகுதியில் இனிப்போடு நில்லுங்கள். இரையை அழுத்தித் திணித்தால் விசை நகராது, காலையில் காலிக் குழாயும் நிறைய ஈரத் தடமும்தான் இருக்கும்.

நங்கூரம் முக்கியம். ரக்கூனின் பலத்தைப் பலர் குறைத்து எடைபோடுகிறார்கள். 18 அங்குல நீளமும் அரை அங்குலத் தடிமனும் உள்ள முறுக்குக் கம்பியை மண்ணில் முழுக்க இறக்குங்கள், சங்கிலி எட்டும் வட்டத்துக்குள் சுற்றிக்கொள்ளச் செடியோ வேலியோ இருக்கக் கூடாது.

செந்நரிக்குக் குழிப்பொறி: படிப்படியாகச் சொல்ல முடியுமா?

பொறி வைப்பதன் முழு நுட்பமும் இதில் இருக்கிறது, நிதானமாகப் பார்ப்போம். நரி தின்று மிச்சத்தைப் புதைத்து வைக்கும் பழக்கமுள்ளது. வேறொரு விலங்கு புதைத்ததைத் தோண்டித் தின்பதில் அதற்குப் பேராசை. அப்படி ஒரு புதைகுழியைப் போலியாகச் செய்து, தோண்ட வரும் நரி காலை ஊன்றும் இடத்தில் பொறியை வைக்கிறோம்.

காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று பாருங்கள். நரி நடக்கும் தடத்தின் காற்றுவரும் பக்கத்தில் குழி இருந்தால் வாடை தடத்தின் குறுக்கே போகும். முன்புறம் தாழ்ந்த புல், பின்புறம் ஒரு புற்கொத்தோ கட்டைத் துண்டோ இருக்கும் இடமாகப் பாருங்கள். பின்னால் தடுப்பு இருந்தால்தான் நரி முன்பக்கமாக வரும்.

சுத்தமான ரப்பர் பூட்ஸ், சுத்தமான கையுறை, மண்டியிட ஒரு தார்ப்பாய்த் துண்டு. தோண்டும் மண்ணெல்லாம் அந்தத் துண்டின் மேலேயே விழ வேண்டும்.

புற்கொத்தின் அடியில் 45 பாகைச் சரிவில், இரண்டு இரண்டரை அங்குல அகலத்தில், எட்டு அங்குல ஆழத்துக்குத் துளையிடுங்கள். துளையின் உதட்டிலிருந்து ஏழு எட்டு அங்குலம் தள்ளி மிதிதட்டின் நடு வர வேண்டும். அதுவும் நேர் எதிரே அல்ல, ஒன்றரை அங்குலம் ஒரு பக்கமாக விலகி. நரி துளைக்கு நேரே தலையை வைக்கும், கால் ஒரு பக்கமாகத்தானே ஊன்றும். கொயோட்டிக்கு உடல் நீளம், ஒன்பது முதல் பன்னிரண்டு அங்குலம் தள்ளுங்கள்.

பொறியின் வடிவிலேயே ஆழமில்லாத படுக்கையை வெட்டுங்கள். பொறி உள்ளே உட்கார்ந்தால் தாடைகள் சுற்றுத் தரையைவிடக் கால் அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். நடுவில் முளையைத் தரைமட்டத்துக்குக் கீழே அடித்து, சங்கிலியை மடித்து அடியில் போடுங்கள். பொறியை விரித்துப் படுக்கையில் வையுங்கள். மிதிதட்டைச் சரிசெய்யும்போது கொக்கி பிடிக்காத தாடையின் அடியில் விரலை விட்டுச் செய்யுங்கள். திடீரென மூடினாலும் தாடை விரலைத் தள்ளும், கடிக்காது.

இனிதான் எல்லாம் தீர்மானமாகும் கட்டம். தாடையின் வெளிப்பக்கம் முழுவதும் மண்ணை விரல்நுனியால் அடைத்து அடைத்து இறுக்குங்கள். பிறகு ஒவ்வொரு மூலையாக, இரண்டு வில்லின் மேலும், இரண்டு தாடையின் மேலும் அழுத்திப் பாருங்கள். ஒரு மயிரிழை ஆடினாலும் பிரித்து மறுபடி வையுங்கள். நரி முதலில் மிதிப்பது பெரும்பாலும் தாடையைத்தான். பாதத்தடியில் ஏதோ அசைந்தது என்று தெரிந்தால் அது பின்வாங்கும், அல்லது ஓரத்திலிருந்து தோண்ட ஆரம்பிக்கும்.

மிதிதட்டின் அடியில் மண் புகாமல் மெழுகுக் காகிதமோ பஞ்சோ வையுங்கள். மண் நிறைந்தால் தட்டு இறங்காது. கால் அங்குலக் கண்ணுள்ள சல்லடையால் உலர்ந்த மண்ணைக் கால் அங்குலத் தடிமனுக்குத் தூவுங்கள். தட்டு இறங்கத் தேவையான அழுத்தம் நரிக்கு இரண்டு பவுண்டு, கொயோட்டிக்கு மூன்று நான்கு. அப்படி இருந்தால் அணில், முயல் போன்ற இலகுவானவை மிதித்தால் மூடாது.

துளைக்குள் நெல்லிக்காய் அளவு இரை, மேலே ஒரு சிட்டிகை புல். துளை உதட்டில் பட்டாணி அளவு வாடைத் தைலம். பின்தடுப்பில் நரிச் சிறுநீர் இரண்டு தெளிப்பு. தட்டுக்கு இரு பக்கமும் சிறு மண்கட்டி ஒவ்வொன்று வைத்தால் நரி அவற்றைத் தவிர்த்து நடுவில் காலை வைக்கும். மிச்ச மண்ணைத் துண்டோடு அள்ளித் தூரத்தில் கொட்டுங்கள்.

பொறி மூடியிருக்கிறது, விலங்கு இல்லை. அல்லது தோண்டி வெளியே போட்டிருக்கிறது. ஏன்?

தோண்டி எடுத்திருந்தால் இரண்டே காரணம்: பொறி ஆடியது, அல்லது பொறியில் வாடை இருந்தது. இரை தொட்ட கையுறையாலேயே பொறியையும் தொட்டிருப்பீர்கள். இரைக்கு ஒரு கையுறை, பொறிக்கு வேறொன்று, இரண்டையும் ஒரே பையில் போடவே கூடாது. வண்டியின் பெட்ரோல் வாடையும் கெடுக்கும்.

மூடிய தாடைக்குள் சில மயிர் மட்டும் இருந்தால் தட்டு விலங்கின் காலுக்குச் சரியான தூரத்தில் இல்லை. விரல்நுனியில் பிடித்திருந்தால் துளையிலிருந்து ஓரிரு அங்குலம் நகர்த்துங்கள். தாடைக்குள் குச்சியோ கல்லோ சிக்கியிருந்தால் மூடியது முழுமையாகவில்லை, சல்லடையை மறந்திருக்கிறீர்கள். இரை மட்டும் காணாமல் போயிருந்தால் பின்பக்கமாக வந்து எடுத்திருக்கிறது, தடுப்பைப் பெரிதாக்குங்கள்.

உறைபனியில் மண் கட்டியாகிறதே?

ஈர மண் இரவில் உறைந்தால் பொறிக்கு மேல் கல்பலகை வைத்ததுபோல் ஆகிவிடும். இலையுதிர் காலத்திலேயே தூளான உலர்மண்ணைச் சலித்து வாளிகளில் மூடிவைப்பது மிகச் சிறந்த வழி. படுக்கையின் அடியிலும் அதையே போட வேண்டும், மேலே மட்டும் போட்டுப் பயனில்லை. உலர்ந்த பீட் பாசியும் (சதுப்பு நிலத்துப் பாசி) உறையாது, ஆனால் காற்றில் பறக்கும், மிதமிஞ்சி மெத்தென்று இருப்பதால் நரி தோண்டும். மேலே மெல்லிய மண் தூவுங்கள். மெழுகு பூசிய மண் மழையையும் தாங்கும். உப்பு கலந்தால் உறையாதுதான், பொறியை அரித்துவிடும்.

வாடைத் தைலம் அதிகம் போட்டால் நல்லதா?

இல்லை. அதிக வாடை விலங்கைச் சந்தேகப்பட வைக்கும், தூரத்திலேயே நின்று சுற்றும். பட்டாணி அளவு.

கம்பிக் கண்ணி எளிதாக இருக்குமே?

விலை குறைவு, எடை குறைவு, செய்வதும் எளிது. ஆனாலும் முதல் பருவத்தில் வேண்டாம். கொயோட்டிக்கு ஒன்பது பத்து அங்குலச் சுருக்கு, தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அங்குல உயரம். நரிக்கு ஏழு எட்டு அங்குலச் சுருக்கு, இன்னும் தாழ்வாக. இரண்டு அங்குலம் தவறினால் மான் காலிலோ நாய் கழுத்திலோ விழும். மானின் கால் மாட்டாத தடுப்பு, பலமாக இழுத்தால் அறுந்துவிடும் இணைப்பு ஆகியவற்றைப் பல இடங்களில் சட்டமே கேட்கிறது. அனுபவமுள்ளவரோடு நடந்து கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம்.

எத்தனை நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

நிலத்துப் பொறி என்றால் தினமும், விடிந்ததும். பல மாநிலங்களில் 24 மணி நேரம் என்பது சட்டம். சட்டம் கூடுதல் நேரம் கொடுத்தாலும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.  விலங்கு பொறியில் கிடக்கும் நேரம் கூடக்கூடப் போராடிக் காலைக் காயப்படுத்திக்கொள்ளும். அதன் வேதனையைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது. உடம்பு சரியில்லையா, வெளியூர் பயணமா, கடும் பனிப்புயல் வருகிறதா? முந்தைய நாளே பொறிகளை மூடிவிடுங்கள்.

உயிரோடு பிடிபட்டதை நிதானமாக, சத்தமில்லாமல் அணுகுங்கள். சட்டம் அனுமதிக்கும் இடத்தில் .22 அளவுத் துப்பாக்கிக் குண்டு ஒன்று, மூளையில். அருகில் நின்று, விலங்கு அசையாத நொடிக்காகக் காத்திருந்து. வெறிநோய்ச் சந்தேகம் இருந்தால் மட்டும் தலையைத் தவிருங்கள். பரிசோதனைக்கு மூளை தேவைப்படும்.

நாய் மாட்டிக்கொண்டால்?

கால்பிடிப் பொறியில் என்றால் பதற்றப்பட வேண்டாம். பெரும்பாலும் காயமின்றி விடுவிக்கலாம். கோட்டையோ போர்வையையோ தலைமேல் போட்டு மூடினால் கடிக்காது. இரண்டு பக்க வில் நெம்புகோலையும் இரண்டு பாதத்தால் மிதித்தால் தாடை தளரும்.

உடல்பிடிப் பொறியில் நொடிகள்தான் கணக்கு. கையால் வில்லை அமுக்க முயன்று நேரத்தை இழக்காதீர்கள். நான்கடிக் கயிறு எப்போதும் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். கயிற்றின் ஒரு முனையில் பாதம் நுழையும் கண்ணி. மறுமுனையை ஒரு வில்லின் இரண்டு வளையங்களுக்குள்ளும் செலுத்தி, மறுபடியும் முதல் வளையத்துக்குள் விட்டு, காலால் மிதித்துக்கொண்டு மேலே இழுங்கள். வளையங்கள் நெருங்கியதும் பாதுகாப்புக் கொக்கியை மாட்டுங்கள். அடுத்த வில்லுக்கும் அப்படியே. இதைக் காட்டில் முதன்முதலாகச் செய்து பார்க்கக் கூடாது. வீட்டில் கண்ணை மூடிக்கொண்டும் செய்ய வரும்வரை பழகுங்கள். 330இல் உங்கள் சொந்தக் கை மாட்டினால், ஒரு கையாலும் ஒரு காலாலும் செய்ய வேண்டியிருக்கும்.

தோல் உரிப்பது, உலர்த்துவது?

விலங்கின் வயிறு சூடாக இருக்கும்வரை அழுகல் ஓடிக்கொண்டே இருக்கும். வயிற்றுத் தோல் பச்சை பூத்துவிட்டால் மயிர் கொத்தாக உதிரும், அந்தத் தோல் போயிற்று. அன்றைக்கே உரியுங்கள்; முடியாவிட்டால் மயிரை உலர்த்திப் பையில் கட்டி உறைபெட்டியில் வையுங்கள். சேறும் இரத்தமும் இருந்தால் உரிப்பதற்கு முன் குளிர்ந்த நீரில் அலசுங்கள்.

மஸ்க்ராட், ரக்கூன், நரி எல்லாம் குழல் உரிப்பு. ஒரு பின்பாதத்திலிருந்து தொடையின் பின்பக்கமாக மலத்துளை வழியே மறு பாதம்வரை கீறி, சட்டையைத் தலைவழியே கழற்றுவதுபோல் இழுக்க வேண்டும். மஸ்க்ராட்டின் வாலை அப்படியே வெட்டிவிடலாம். ரக்கூன், நரியின் வாலெலும்பை உருவி எடுத்து, வாலின் அடிப்பக்கத்தை நுனிவரை கீறுங்கள். கீறாமல் விட்டால் உள்ளே அழுகி மயிர் கொட்டும். பீவருக்கு மட்டும் வயிற்றின் நடுவே கீறி விரித்து, நீள்வட்டமாக ஆணியடித்து உலர்த்துவார்கள்.

காதிலும் கண்ணிலும் உதட்டிலும் கத்தி எலும்பை ஒட்டியே போகட்டும். பிறகு தோலைச் சாய்ந்த உருண்டைக் கட்டையில் மாட்டி, இருகைப்பிடிக் கத்தியால் கொழுப்பையும் சதையையும் தள்ளுங்கள். ரக்கூனில் கொழுப்பு கனமாக இருக்கும், கழுத்துப் பகுதியில் தொடங்குங்கள். மஸ்க்ராட்டில் எதிர்மாறாக, கையை லேசாக வையுங்கள். மயிர் வேர் தெரியும்வரை சுரண்டினால் மறுபக்கம் மயிர் உதிரும்.

மயிர் உள்ளே, தோல்பக்கம் வெளியே இருக்கும்படி சட்டத்தில் மாட்டுங்கள். ரக்கூனும் மஸ்க்ராட்டும் அப்படியே காயலாம். நரியையும் கொயோட்டியையும் தோல்பக்கம் தொட்டால் ஒட்டாத அளவுக்கு, ஆனால் இன்னும் வளையும் பதத்தில், மயிர் வெளியே வரும்படி திருப்ப வேண்டும். பெரும்பாலும் அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் அந்தப் பதம் வரும். விட்டுவிட்டால் அட்டையாகிவிடும். அறை 15 முதல் 20 டிகிரி செல்சியஸ், காற்றோட்டம் வேண்டும். அடுப்புப் பக்கத்தில் வைத்தால் மிச்சக் கொழுப்பு தோலுக்குள் உருகிக் கருக்கிவிடும், பதனிடும்போது அங்கே கிழியும்.

எப்போது பிடித்தால் தோல் நன்றாக இருக்கும்?

தோலின் உள்பக்கம் நீலமாக இருந்தால் மயிர் இன்னும் வளர்கிறது. வெளிர் நிறமாக இருந்தால் முதிர்ந்தது. நரியும் கொயோட்டியும் நவம்பர் இறுதி, டிசம்பர். மஸ்க்ராட்டும் பீவரும் குளிர்காலத்தின் கடைசியில்தான் முழுமை பெறும்.

இதில் வருமானம் வருமா?

முதல் பருவத்தில் பெட்ரோல் செலவு திரும்பினாலே நல்லது. தோல் விலை உலகச் சந்தையைப் பொறுத்து ஏறி இறங்கும், சில ஆண்டுகள் மஸ்க்ராட் தோலை வாங்க ஆளே இருக்காது. ஒன்டாரியோவின் நார்த் பே நகரில் உள்ள ஃபர் ஹார்வெஸ்டர்ஸ் ஏல நிறுவனம் போன்ற இடங்களுக்கு அனுப்பினால் அளவு, முதிர்ச்சி, நிறம், சேதம் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். அந்தத் தரச்சீட்டை அடுத்த பருவத்துக்கான பாடமாகப் படியுங்கள். பாப்கேட் (ஒரு வகைக் காட்டுப்பூனை), நீர்நாய்த் தோல்களை ஏற்றுமதி செய்ய சைட்டிஸ் (அருகும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) முத்திரை வேண்டும்.

நோய்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

வேண்டும். உரிக்கும்போது ரப்பர் கையுறை கட்டாயம். மஸ்க்ராட்டிலும் பீவரிலும் துலரேமியா என்ற பாக்டீரியா நோய் இருக்கலாம். விரலில் சிறு கீறல் போதும். உரித்த சில நாளில் காய்ச்சலும் அக்குளிலோ கழுத்திலோ நெறிகட்டும் வந்தால், மருத்துவரிடம் எந்த விலங்கைக் கையாண்டீர்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள். ரக்கூன் எச்சத்தில் உள்ள உருளைப்புழு முட்டை மனித மூளைவரை போகக்கூடியது, எச்சக் குவியலைக் கிளறாதீர்கள். பகலில் தள்ளாடி நடக்கும் ரக்கூன், ஸ்கங்க் (நாற்றம் பீய்ச்சும் சிறு விலங்கு), நரி எதையும் தொட வேண்டாம். சொறி பிடித்து மயிர் கொட்டிய நரியை உரிக்காதீர்கள், தோலுக்கும் மதிப்பில்லை, சொறிப்பூச்சி உங்கள் நாய்க்குப் பரவும்.

பருவம் முடிந்ததும்?

எத்தனை வைத்தீர்களோ அத்தனையையும் எண்ணி எடுங்கள். வைக்கும்போதே ஒவ்வொரு பொறியின் இடத்தையும் நோட்டில் எழுதியிருந்தால்தான் இது முடியும். மறந்துபோன ஒரு பொறி கோடையிலும் பிடிக்கும். துளைகளை மண் போட்டு மூடுங்கள், வேலிக் கம்பிகளில் கட்டிய கம்பியை அவிழ்த்து எடுங்கள். பொறிகளைக் கழுவி, வில் தளர்ந்த நிலையில், எலி சிறுநீர் படாத உயரத்தில் தொங்கவிடுங்கள். கையுறைகளை வேறு இடத்தில்.